உச்சி எங்கே இருக்கிறது? – பனி ஹாக்கி கற்பிக்கும் ஒரு கணக்கு

முதலில் ஒரு புதிர்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்துப் பனி ஹாக்கிக் குழு, பார்க்லே குட்ரோ என்ற ஆட்டக்காரரை டாம்பா பே குழுவுக்குக் கொடுத்தது. ஈடாக அது பெற்றவற்றுள் முக்கியமானது, அவ்வாண்டின் இளம் வீரர் தேர்வில் முதற் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்த விளையாட்டில் இது பெரிய விலை. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜூன் மாதம், அதே சான் ஹோசே குழு அதே குட்ரோவைத் திரும்பப் பெற்றது. இம்முறை அது ஈடாகக் கொடுத்தது ஒன்றுமில்லை! அப்போது அவரை வைத்திருந்த நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழு, 'வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' என்னும் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. சான் ஹோசே எடுத்துக்கொண்டது.

ஆள் ஒருவரே. நான்கு ஆண்டுகளில் அவர் விலை உச்சியிலிருந்து தரைக்கு வந்தது எப்படி? 2020-இல் விலை கொடுத்தவர்கள் ஏமாந்துபோனார்களா? இதற்கு விடை காண உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டாம். மேலே எறிந்த பந்து, மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, சீட்டுக் குலுக்கல் ஆகிய மூன்றும் போதும்.

விளையாட்டும் அதன் சந்தையும்

பனி ஹாக்கி நாம் மைதானத்தில் காணும் ஹாக்கி அன்று. பனிக்கட்டித் தளத்தின்மேல் சறுக்குக் காலணி அணிந்து ஆடுவது. பந்துக்குப் பதிலாக, 7.6 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. கனமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல் காப்பாளரும் களத்தில் இருப்பார்கள்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917-இல் தொடங்கியது. இன்று அதில் 32 குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவிலும் கோல் மழை பொழியும் நட்சத்திரங்கள் ஓரிருவரே இருப்பர். மற்றவர்களில் பலர் துணை ஆட்டக்காரர்கள். எதிரணியின் நட்சத்திரத்தை மறிப்பது, மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வரும் வட்டைத் தம் உடலால் தடுப்பது, தம் அணியில் ஒருவர் தண்டனையாக வெளியே அமர்ந்திருக்கும்போது குறைந்த ஆட்களோடு கோலைக் காப்பது போன்றவை இவர்கள் வேலை. பத்திரிகைகளில் இவர்கள் பெயர் அதிகம் வராது. ஆனால் இவர்கள் இன்றிக் கோப்பை இல்லை.

குழுக்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளும். ஆளுக்கு ஆள் கொடுப்பதும் உண்டு. ஆளுக்கு ஈடாக வருங்காலத் தேர்வுரிமை கொடுப்பதும் உண்டு. பின்தங்கிய குழுக்கள் இளம் வீரர்களை முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அத்தேர்வின் அடிப்படை. இதனோடு இன்னொரு விதியும் உண்டு. 2005 முதல், ஒரு குழு தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு மேல்வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஒருவருக்கு ஒரு டாலர் கூடக் கொடுத்தால், மற்றொருவருக்குக் கொடுக்க அந்த டாலர் இராது.

இந்தச் சூழ்நிலையில் மேலாளர் ஒருவரைத் தினமும் வாட்டும் கேள்வி இது: வயது ஏறிவரும் என் துணை ஆட்டக்காரரை எப்போது கொடுத்துவிட வேண்டும்? சீக்கிரம் கொடுத்தால் நல்ல ஆளை இழப்போம். தாமதித்தால் வாங்க ஆள் இராது.

மேலே எறிந்த பந்து

ஒரு பந்தைச் செங்குத்தாக 20 மீட்டர் உயரம் செல்லுமாறு எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், அது மேலே செல்ல 2 நொடி, கீழே வர 2 நொடி, ஆக 4 நொடி ஆகும். இதில் உச்சியை ஒட்டிய கடைசி 5 மீட்டரில் மட்டும் அது எவ்வளவு நேரம் இருக்கிறது? ஏற 1 நொடி, இறங்க 1 நொடி; ஆக 2 நொடி. அதாவது, உயரத்தில் கால் பங்கான இடத்தில் பாதி நேரத்தைக் கழிக்கிறது! காரணம் நமக்குத் தெரிந்ததே. உச்சியில் திசைவேகம் சுழி. அதை அடுத்த கணங்களிலும் வேகம் மிகக் குறைவு.

ஆட்டக்காரரின் வாழ்க்கையும் இப்படிப்பட்ட வளைகோடுதான். கனடாவின் பொருளியல் ஆய்வாளர்கள் இந்த லீக்கின் 1997 முதல் 2012 வரையிலான ஆட்டக் கணக்குகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். முன்வரிசை ஆட்டக்காரர்களின் கோல் திறமை 27, 28 வயதில் உச்சியை அடைகிறது. பின்வரிசைத் தடுப்பாளர்களுக்கு உச்சி 28, 29. ஆனால் முன்வரிசையினர் 24 முதல் 32 வயது வரையிலும் உச்சத் திறமையில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆடுகிறார்கள். வளைகோட்டின் தலை தட்டையாக இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தட்டையான உச்சியில் நிற்பவருக்குத் தாம் உச்சியில் நிற்பது தெரியாது. இந்த ஆண்டு சென்ற ஆண்டைப் போலவே இருக்கும். அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்றுதான் தோன்றும். சரிவு கண்ணுக்குத் தெரியும்போது இறக்கம் நன்றாகத் தொடங்கிவிட்டிருக்கும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. 'இதோ, 35 வயதுக்காரர்கள் எல்லாரும் நன்றாகத்தானே ஆடுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்கலாம். 30 வயதில் பத்துப் பேர் ஆடினார்கள், ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துக் கோல் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 வயதுக்குள் ஆறு பேர் தளர்ந்து, ஆட்டத்தை விட்டே போய்விட்டார்கள். எஞ்சிய நால்வர் இன்னும் பத்துக் கோல் போடுகிறார்கள். 35 வயதுக்காரர்களின் சராசரி என்ன? பத்து. 30 வயதிலும் பத்து. எனவே திறமை குறையவில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. ஒவ்வோர் ஆளையும் அவருடைய முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவதே சரியான முறை. எந்த அளவீட்டிலும், கணக்கில் வராமல் போனவை எவை என்று கேட்டுப் பழகுங்கள்.

மாடித் தொட்டி

'32 வயதில்கூட 90 விழுக்காடு திறமை இருக்கிறதே, பிறகு விலை ஏன் இப்படி விழ வேண்டும்?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதற்கு விடை தொட்டியில் இருக்கிறது.

மாடித் தொட்டி தரையிலிருந்து 60 அடி உயரத்தில் இருக்கிறது. குழாய் 50 அடி உயரத்தில் இருக்கிறது. குழாயில் நீரின் அழுத்தத்தை முடிவு செய்வது 60 அடியா? இல்லை, இரண்டுக்கும் இடையே உள்ள 10 அடிதான். தொட்டியை 6 அடி இறக்கி 54 அடியில் வைத்தால், தரையிலிருந்து பார்க்கும்போது உயரம் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. குழாய்க்கோ 10 அடி 4 அடியாகிவிட்டது. அழுத்தத்தில் 60 விழுக்காடு போயிற்று!

லீக்கின் வாசலிலே, குறைந்த சம்பளத்துக்கு ஆட இளைஞர்கள் எப்போதும் காத்து நிற்கிறார்கள். அவர்களுடைய திறமைதான் குழாயின் மட்டம். அதை 50 என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரத்தின் திறமை 100. துணை ஆட்டக்காரரின் திறமை 60. வயதால் இருவருக்கும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நட்சத்திரம் 90-க்கு வருகிறார். வாசல் மட்டத்துக்கு மேல் அவருக்கு இருந்த 50, இப்போது 40. இழப்பு 20 விழுக்காடு. துணை ஆட்டக்காரர் 54-க்கு வருகிறார். அவருக்கு இருந்த 10, இப்போது 4. இழப்பு 60 விழுக்காடு. தளர்ச்சி ஒன்றே, ஆனால் ஒருவருக்கு அது கீறல், மற்றவருக்கு வெட்டு.

குட்ரோவின் கதையில் சம்பளமும் சேர்ந்துகொண்டது. 2020-இல் அவருக்கு வயது 26. 27 முடிய இரண்டே நாள் இருந்தது. ஆண்டுச் சம்பளம் 9,25,000 டாலர். குழுவின் மொத்தச் சம்பள வரம்பு அப்போது 8.15 கோடி டாலர். வரம்பில் அவருடைய பங்கு 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2021-இல் நியூயார்க் குழு அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 2.185 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்குச் சராசரி சுமார் 36.4 லட்சம், அன்றைய வரம்பில் ஏறத்தாழ 4.5 விழுக்காடு. 2024-இல் அவருக்கு வயது 31. 2023-24 பருவத்தின் 80 ஆட்டங்களில் அவர் போட்டது 4 கோல்கள். ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் எஞ்சியிருந்தன. திறமைக் கோடு இறங்குகிறது. சம்பளக் கோடு இறங்காமல் நிற்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை சுழியாகிறது. சான் ஹோசே ஈடின்றி அவரைப் பெற்றது என்றோமே; உண்மையில் அது ஏற்றுக்கொண்டது அந்த மூன்றாண்டுச் சம்பளச் சுமையை.

சீட்டுக் குலுக்கல்

தளர்ச்சி மட்டும் அன்று, அதிர்ஷ்டமும் விலையை ஆட்டி வைக்கிறது. இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பாருங்கள்.

ஒரே அளவான பத்துக் காகிதச் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் 'கோல்' என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் மடித்து ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். குறித்துக்கொண்டு, சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 120 தடவை. துணை ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பருவத்தில் 120 தடவை கோலை நோக்கி அடிக்கிறார், பத்துக்கு ஒன்று கோலாகிறது என்பதற்கு இது மாதிரி. எதிர்பார்க்கும் கோல்கள் 12. எல்லாருக்கும் சரியாக 12 வருமா? வராது. திட்ட விலக்கம் கணக்கிட்டால் சுமார் 3.3 வரும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ இருவருக்கு 18-ம் அதற்கு மேலும் வரக்கூடும். ஓரிருவருக்கு 6-ம் அதற்குக் கீழும் வரக்கூடும். அத்தனை பேரும் எடுத்தது ஒரே விதமான சீட்டுகள்தாம்!

18 எடுத்த இருவரையும் மறுநாள் மீண்டும் 120 தடவை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 12-ஐ ஒட்டியே வருவார்கள். அவர்கள் சோம்பிவிட்டதாலா? இல்லை. முதல்நாள் வந்த கூடுதல், அதிர்ஷ்டம் தந்த கூடுதல். இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து இதை விளக்கினார்.

இப்போது டேவிட் கிளார்க்சன் என்ற ஆட்டக்காரரைப் பாருங்கள். 2011-12 பருவத்தில் நியூஜெர்சி குழுவுக்காக 30 கோல் போட்டார். அதற்கு முன்னோ பின்னோ அவர் அந்த எண்ணை எட்டவில்லை. 2013-இல் அவர் ஒப்பந்தம் முடிந்தது. 29 வயதான அவருக்கு டொராண்டோ குழு ஏழு ஆண்டுகளுக்கு 3.675 கோடி டாலர் தர முன்வந்தது. அடுத்த பருவத்தில் அவர் ஆடிய 60 ஆட்டங்களில் போட்டது 5 கோல். டொராண்டோ 30 கோல் ஆண்டை மனத்தில் வைத்து விலை கொடுத்தது. நியூஜெர்சியோ, ஒப்பந்தம் முடியும்வரை அவரை வைத்திருந்ததால், அவர் போனபோது ஈடாக ஒரு தேர்வுரிமைகூடப் பெறவில்லை. உயர்ந்த விலை கிடைக்கும் நேரம் வேறு, அதைப் பெறும் வாய்ப்பு இருக்கும் நேரம் வேறு.

அதிர்ஷ்டமே இல்லாவிட்டாலும், கடந்த காலத்தைப் பார்த்து விலை வைப்பவர் ஏமாறுவார். ஒருவர் மூன்று ஆண்டுகளில் 16, 14, 12 கோல் போட்டார். சராசரி 14. வாங்குபவர் 14-க்கு விலை கொடுக்கிறார். ஆனால் கோடு செல்லும் திசையில் அடுத்த ஆண்டு வரப்போவது 10. இறங்கும் கோட்டில் சராசரி எப்போதும் உண்மைக்கு மேலேயே நிற்கும். ஆகவே விலையின் உச்சி, திறமையின் உச்சிக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. விற்பவருக்கு வாய்ப்பான இடைவெளி இதுவே.

மாண்ட்ரியால் மேலாளர்

இந்தக் கணக்கை நன்கு அறிந்தவராகப் புகழ்பெற்றவர் சாம் பொல்லாக். 1964 முதல் 1978 வரை மாண்ட்ரியால் கனேடியன்ஸ் குழுவின் மேலாளர். அவர் காலத்தில் அக்குழு ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1967-இல் லீக் ஆறு குழுக்களிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. புதிய குழுக்களுக்கு இன்றே ஆடத் தெரிந்த ஆட்கள் வேண்டும்; இல்லாவிட்டால் அரங்கம் நிறையாது. பொல்லாக்கிடம் அப்படிப்பட்ட ஆட்கள் மிகுதி. அவர் அவர்களைக் கொடுத்து, புதிய குழுக்களின் வருங்காலத் தேர்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டார்.

1970-இல் கலிஃபோர்னியா குழுவிடமிருந்து அதன் 1971-ஆம் ஆண்டு முதற் சுற்று உரிமையை இவ்வாறு வாங்கினார். அந்நாளில் கடைசி இடத்தில் வரும் குழுவுக்கே முதல் தேர்வு. 1971-இல் முதலில் எடுக்கப்படுவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களில் கீ லஃப்ளூர் என்ற இளைஞர் முக்கியமானவர். கலிஃபோர்னியா கடைசியாக வர வேண்டும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் குழுவும் தடுமாறிக்கொண்டிருந்தது. 1971 ஜனவரியில் பொல்லாக், 33 வயதான ரால்ஃப் பாக்ஸ்ட்ராம் என்ற அனுபவசாலியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தார். அக்குழுவுக்குக் கைகொடுத்துக் கலிஃபோர்னியாவைக் கடைசிக்குத் தள்ளவே இதைச் செய்தார் என்று இன்றும் சொல்வார்கள். பருவ முடிவில் லாஸ் ஏஞ்சலஸ் 63 புள்ளிகள். கலிஃபோர்னியா 45 புள்ளிகளுடன் கடைசி. லஃப்ளூர் மாண்ட்ரியாலுக்கு வந்தார். பின்னாளில் தொடர்ந்து ஆறு பருவங்களில் ஐம்பது கோலுக்குக் குறையாமல் போட்டார்.

வருங்காலத்தை விற்ற கலிஃபோர்னியா குழு 1976-இல் கிளீவ்லாந்துக்கு இடம்பெயர்ந்தது; 1978-இல் மின்னசோட்டா குழுவோடு இணைந்து மறைந்தது. ஒரு பரிமாற்றமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாக்ஸ்ட்ராம் போன்ற ஒருவரின் மதிப்பு ஒரே நாளில் இரு குழுக்களுக்கு இரு வேறு அளவாக இருக்கக்கூடும் என்பது தெளிவு.

வாங்கியவர் ஏமாந்தாரா?

இப்போது புதிருக்குத் திரும்புவோம். 2020-இல் டாம்பா பே ஏமாந்ததா? இல்லவே இல்லை. குட்ரோவையும், அதே மாதத்தில் நியூஜெர்சியிடமிருந்து வாங்கிய பிளேக் கோல்மன் என்ற மற்றொரு துணை ஆட்டக்காரரையும் வைத்துக்கொண்டு அது 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றது. கோப்பையை வென்றதால், அது விட்டுக்கொடுத்த உரிமையும் முதற் சுற்றின் கடைசியான 31-ஆவது இடத்துக்குப் போய்விட்டது! சான் ஹோசே அந்த இடத்தில் தேர்ந்தெடுத்த இளைஞர், அக்குழுவுக்காக லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே 2024-இல் வேறு குழுவுக்கு மாற்றப்பட்டார். தேர்வுரிமை என்பதும் ஒரு குலுக்கல் சீட்டே.

அப்படியானால் 'உச்சியில் கொடுத்துவிடு' என்ற விதி பொய்யா? பொய்யன்று, முழுமையற்றது. இந்த ஆண்டே கோப்பைக்குப் போட்டியிடும் குழுவுக்கு, அடுத்த மூன்று ஆண்டுச் சரிவு பெரிதன்று. பின்தங்கி நிற்கும் குழுவுக்கோ அதுவே பெரிது. கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே அறிவோடு நடந்திருக்கலாம். பிழை செய்பவர், கடந்த ஆண்டுகளின் எண்ணை வருங்காலத்தின் எண் என்று நம்பி நீண்ட ஒப்பந்தம் செய்பவர்.

கடைசியாக ஒன்றையும் மறக்கலாகாது. வளைகோடு பலரின் சராசரியைச் சொல்லும். ஒரு மனிதர் நாளை என்ன செய்வார் என்று சொல்லாது. 80 ஆட்டங்களில் 4 கோல் மட்டும் போட்ட அதே குட்ரோ, 2024-இல் அதை அடுத்து நடந்த கோப்பைச் சுற்றுகளில் 16 ஆட்டங்களில் 6 கோல் போட்டார். சில வாரங்களில் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. இவர்கள் சரக்குகள் அல்லர். வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்த்து, வேறு நகரத்துக்குப் போக வேண்டியவர்கள். அதனால்தான் பல அனுபவசாலிகள், 'இன்ன இன்ன குழுக்களுக்கு என்னை மாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நீங்கள் மேலாளர் ஆகாமல் போகலாம். ஆனால் ஒரு தேர்வில் வகுப்பில் முதலாக வந்தவரையும், ஒரு தேர்வில் தவறியவரையும் நாளும் பார்க்கிறீர்கள். அவர்களைப் பற்றி முடிவு கட்டுமுன், பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, 120 தடவை எடுத்துப் பாருங்கள்.